இரண்டு சாலைகள், ஒரு தலைக்கவசம்: அட்வெஞ்சர் ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சாகசப் பயணம் என்று கிளம்புகிறவருக்கும் நாட்களில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான் கழிகிறது. சென்னையிலிருந்து லடாக்குக்கு பைக்கிலேயே போகிறவர் ஒரு வழிக்கு மட்டும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஹைதராபாத், நாக்பூர், குவாலியர், டெல்லி என்று சமவெளி முடியும்வரை நெடுஞ்சாலை. லாரிகளுக்கு நடுவே மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகம். மணாலியைத் தாண்டி பாரலாச்சா கணவாயை நெருங்கும்போது சாலை ஆங்காங்கே சரளையாகவும் சேறாகவும், பனி உருகி ஓடும் நீரோடையாகவும் மாறுகிறது. வேகம் இருபதுக்கு இறங்குகிறது. ரைடர் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று ஓட்டுகிறார். ஜூன் தொடக்கத்தில் நாக்பூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். சில நாட்கள் கழித்து ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரத்தில் விரல்கள் விறைக்கும். இத்தனைக்கும் தலையில் இருப்பது ஒரே ஹெல்மெட்.

சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-ல் வந்தது. 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020-ல் கேடிஎம் 390 அட்வெஞ்சர் என்று இந்த வகை பைக்குகள் நடுத்தர வருமானக்காரர்களின் கைக்கு எட்டின. அவற்றோடு அட்வெஞ்சர் ஹெல்மெட்டுக்கென்று ஒரு சந்தையும் இங்கே உருவாகியிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உள்நாட்டுத் தயாரிப்பிலிருந்து அரை லட்சத்தைத் தாண்டும் ஜப்பானியத் தயாரிப்புவரை எல்லாமே பார்வைக்கு ஒரே சாயலில் இருக்கின்றன. எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வசதிகளின் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது: பீக் இருக்கிறதா, உள்ளே கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா, புளூடூத்துக்கு இடம் இருக்கிறதா? பட்டியல் தேவைதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. அட்வெஞ்சர் ஹெல்மெட்டின் ஒவ்வொரு பாகமும் நெடுஞ்சாலைக்கும் மண்பாதைக்கும் இடையே செய்துகொண்ட ஒரு சமரசம். தலைக்குப் பொருந்துவது முதலாவது, அடியைத் தாங்குவது இரண்டாவது, நாள் முழுதும் களைப்பில்லாமல் அணிய முடிவது மூன்றாவது. இந்த மூன்றும் தேறிய பிறகு பட்டியலைப் பார்த்தால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு பரம்பரையின் கலப்பு

சாலை ஹெல்மெட் உருண்டு வழவழப்பாக இருக்கும். காற்றைக் கிழித்துப் போகவும், தரையில் மோதினால் சிக்காமல் வழுக்கவும் அந்த வடிவம். மோட்டோகிராஸ் ஹெல்மெட்டில் வைசர் கிடையாது. தாடைப்பகுதி முன்னே நீண்டிருக்கும், நெற்றிக்கு மேல் பீக் நிற்கும், கண்ணுக்குத் தனியாகக் காகிள்ஸ் போட வேண்டும். மூச்சு வாங்க ஓட்டுகிறவருக்குக் காற்று தாராளமாக வர வேண்டும் என்பதற்காக அந்த அமைப்பு.

அட்வெஞ்சர் ஹெல்மெட் இந்த இரண்டின் கலப்பு. வைசரும் உண்டு, பீக்கும் உண்டு. பெரும்பாலானவற்றில் இரண்டையும் கழற்றலாம். கண்திறப்பு காகிள்ஸ் உட்காரும் அளவுக்கு அகலம். அராய் நிறுவனத்தின் டூர் எக்ஸ் வரிசை, ஷோயி ஹார்னெட், ஏஜிவி ஏஎக்ஸ்9, க்ளிம் கிரியோஸ் ஆகியவை உலக அளவில் இவ்வகைக்கு முன்மாதிரிகள். இந்தியச் சந்தையில் ஸ்டட்ஸ் குழுமத்தின் எஸ்எம்கே, வேகாவின் ஆக்ஸர், ஸ்பெயினின் எல்எஸ்2 ஆகியவை குறைந்த விலையில் இதே வடிவைத் தருகின்றன. வடிவம் ஒன்றாக இருப்பதால் பாதுகாப்பும் ஒன்றாகிவிடாது.

இரண்டு வகை விழுதல்

1935-ல் மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். 1941-ல் அவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தலைக்கவசத்தின் அவசியத்தை ஆதாரங்களோடு எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு சேர்ந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு, ஹெல்மெட் அணிவதால் விபத்தில் மரண வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும் குறைவதாக 2008-ல் கணக்கிட்டது. ஹெல்மெட் உயிர் காக்கிறதா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எந்த மாதிரி அடியிலிருந்து காக்கிறது என்பதே இன்றைய கேள்வி.

ஹெல்மெட்டின் உயிர் அதன் வெளி ஓட்டில் இல்லை. ஓட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் அடுக்கில் இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லி விநாடிகள் கூடுதலாக வாங்கித் தருகிறது. அந்த அடுக்கு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். பலத்த அடியைத் தாங்கும்படி கெட்டியாகச் செய்தால், மெதுவான அடியில் அது நசுங்காது. அதிர்ச்சி அப்படியே மூளைக்குப் போகும். மிருதுவாகச் செய்தால் பலத்த அடியில் முழுதும் நசுங்கிப்போய் அதற்குமேல் தாங்க எதுவும் மிஞ்சாது.

அட்வெஞ்சர் ரைடர் இரண்டு விதமாகவும் விழக்கூடியவர். ஃபுட்பெக்கில் நின்று ஓட்டுகிறவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பைக் நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும், அந்த உயரத்திலிருந்து விழும் தலை மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஆற்றுப்படுகைக் கல்லில் அந்த வேகம் மூளை அதிர்ச்சிக்குப் போதுமானது. நெடுஞ்சாலையில் நேரும் விழுகையோ வேறு ரகம்; அங்கே அடி இன்னும் பலமாக இருக்கக்கூடும்.

நீண்ட காலமாகத் தர விதிகள் பலத்த அடியை மட்டுமே கவனித்தன. 1956-ல் ஒரு பந்தயத்தில் இறந்த பீட் ஸ்நெல்லின் நினைவாக 1957-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்நெல் அறக்கட்டளை, மிகக் கடுமையான அடிகளைத் தாங்கும் ஹெல்மெட்டுகளுக்கே சான்று தந்துவந்தது. 2005-ல் மோட்டார்சைக்கிளிஸ்ட் இதழ் வெளியிட்ட சோதனைக் கட்டுரை, அவ்வளவு கெட்டியான ஹெல்மெட் சாதாரண விபத்தில் தலைக்குக் கூடுதல் அதிர்ச்சி தருகிறதா என்று கேட்டு உலகெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. ஸ்நெல்லும் பிறகு தன் விதிகளைத் திருத்தியது.

ஐரோப்பியத் தர விதியான ஈசிஈ 22.05, மணிக்கு 27 கிலோமீட்டர் வேக மோதலை வைத்துச் சோதித்தது. 2021-ல் நடைமுறைக்கு வந்த 22.06 அதோடு நிற்கவில்லை. சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கடினச் சோதனை, சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மென்சோதனை என இரண்டையும் சேர்த்தது. மென்சோதனையில் தலைக்குப் போகும் அதிர்ச்சியின் வரம்பு 275 ஜி-யிலிருந்து (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு) 180 ஜி-க்கு இறங்குகிறது. சாய்வான பரப்பில் மோதவிட்டு, தலை சுழலும் விசையையும் அது அளக்கிறது. மெதுவாக விழுபவரையும் வேகமாக விழுபவரையும் சேர்த்து நினைத்த விதி என்பதால் அட்வெஞ்சர் ரைடருக்கு இதைவிடப் பொருத்தமான சான்று இன்று இல்லை. மண்பாதையில் விழும் வேகமும் அதன் மென்சோதனை வேகமும் ஏறக்குறைய ஒன்றே.

மெதுவான விழுதல் இமயமலையில் ஏன் இவ்வளவு முக்கியம்? மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, குழப்பம். உயரப் பகுதி நோயின் அறிகுறிகளும் அவையே. மணாலி–லே சாலையில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்திருப்பவருக்கு எது வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரால் பிரித்தறிய முடியாது. பெரிய மருத்துவமனை பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. நகரத்தில் சின்ன அடி என்று கடந்துபோவது அங்கே உயிர்ப்பிரச்சினை ஆகலாம். அனுபவசாலிகளுக்கும் விலக்கில்லை. டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், 2021 ராலியில் சவூதி அரேபியாவில் விழுந்து தலையில் காயமடைந்து, செயற்கைக் கோமாவில் வைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்று மீண்டார்.

சுழற்சி விசையைக் குறைக்க ஸ்வீடனில் உருவானது மிப்ஸ் என்ற அமைப்பு. 1996-ல் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்டும் பொறியாளர் பீட்டர் ஹால்டினும் தொடங்கிய ஆய்வின் பயன் அது. உள்ளே வழுக்கும் ஒரு மெல்லிய அடுக்கு, மோதும் கணத்தில் தலையை 10 முதல் 15 மில்லிமீட்டர்வரை நகரவிட்டு மூளை திருகப்படுவதைத் தணிக்கிறது. வேறு நிறுவனங்களும் தத்தம் வழியில் இதையே முயல்கின்றன. விலைக்குள் அடங்கினால் வாங்கத்தக்க ஓர் அம்சம் இது.

தாடையையும் மறக்க முடியாது. ஜெர்மானிய விபத்து ஆய்வாளர் டீட்மர் ஓட்டேவின் ஆய்வில், ஹெல்மெட்டில் விழுந்த அடிகளில் மூன்றில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவை தாடைப்பகுதியில் பட்டிருந்தன. திறந்த முக ஹெல்மெட்டோடு மலையேறுகிறவர் இதை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

சான்றை எங்கே பார்ப்பது?

இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை சட்டக் கட்டாயம். 2020-ல் வெளியான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஐஎஸ் 4151 விதிப்படி சான்று பெறாத இருசக்கர ஹெல்மெட்டை விற்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து ஆசையாய்த் தருவித்த உயர்ரக ஹெல்மெட்டில் அந்த முத்திரை இல்லாவிட்டால், அது எத்தனை தரமானதானாலும் சோதனைச் சாவடியில் வாக்குவாதத்துக்கு இடம் உண்டு. ஐஎஸ்ஐ, ஈசிஈ இரண்டும் பெற்ற மாடல்கள் இப்போது உள்நாட்டிலேயே விற்கின்றன. நம் ஊர் ரைடருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அவற்றைத்தான்.

டாட் என்பது அமெரிக்க விதி. அதில் தயாரிப்பாளரே தன் ஹெல்மெட்டுக்குச் சான்று கூறிக்கொள்கிறார். அரசு பிறகு சந்தையில் மாதிரிகளை வாங்கிச் சோதிக்கிறது. தாடைக்காப்புக்கு அதில் சோதனையே கிடையாது. பின்புறம் ஒட்டிய டாட் ஸ்டிக்கரை மட்டும் நம்பி முழுமுக ஹெல்மெட் வாங்குவது சரியல்ல.

ஈசிஈ சான்றை ஸ்டிக்கரில் தேட வேண்டாம். கழுத்துப் பட்டையில் தைத்த துணிச் சீட்டில் அது இருக்கும். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் அனுமதித்த நாட்டின் எண்ணும் இருக்கும். அதையடுத்த எண் 06 என்று தொடங்கினால் 22.06, 05 என்று தொடங்கினால் பழைய விதி. எண்ணுக்குப் பின் பி (P) என்ற ஆங்கில எழுத்து வந்தால் தாடைக்காப்பும் சோதனையில் தேறியது என்று பொருள். கடையில் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பிரிட்டன் அரசின் ஷார்ப் திட்டம் ஹெல்மெட்டுகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம்வரை மதிப்பெண் தருகிறது. அதில் மலிவான சில ஹெல்மெட்டுகள் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன. விலை கூடிய சில அந்த அளவை எட்டவில்லை. விலை கூடக்கூட எடை குறையலாம், சத்தம் குறையலாம், உள்துணி நேர்த்தியாகலாம். பாதுகாப்பு அதே வேகத்தில் கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தலைக்கேற்ற கூடு

எந்தச் சான்றும் தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டைக் காப்பாற்றாது. தளர்வான ஹெல்மெட் முதல் மோதலிலேயே நகர்ந்துவிடும். இரண்டாவது மோதலுக்குத் தலை வெறுமையாக நிற்கும்.

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி டேப் வைத்து அளப்பது தொடக்கம் மட்டுமே. அளவு சரியாக இருந்தும் வடிவம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் சிலருக்கு மண்டை வட்டம், சிலருக்கு நீள்வட்டம், பலருக்கு இடைப்பட்ட வடிவம். நீண்ட மண்டையில் வட்ட ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியில் ஓர் இடம் மட்டும் அழுந்தும். வட்ட மண்டையில் குறுகிய ஹெல்மெட் பொட்டுப் பகுதிகளை நெரிக்கும். கன்னம் மெத்தையில் நன்றாக அழுந்துவது சரி, அது நாளடைவில் தளரும். நெற்றியும் பொட்டும் வலிப்பது சரியல்ல, அது தளராது.

கடையில் அரை மணி நேரம் போட்டபடியே இருங்கள். கழற்றியதும் நெற்றியில் சிவந்த தடம் இருந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம். பட்டையைக் கட்டிக்கொண்டு, பின் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் எந்தத் தள்ளுபடிக்கும் அதை வாங்காதீர்கள். மூக்குக் கண்ணாடி அணிகிறவர் அதோடும், காகிள்ஸ் பயன்படுத்த நினைப்பவர் அதோடும், நீண்ட கூந்தல் உள்ளவர் பயணத்தில் எப்படிப் பின்னுவாரோ அப்படியே பின்னியும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டறியலாம்: அந்த மாடலை எத்தனை ஓட்டு அளவுகளில் செய்கிறார்கள்? ஒரே பெரிய ஓட்டுக்குள் மெத்தையை மட்டும் தடிப்பாக்கிச் சின்ன அளவு செய்தால், சின்னத் தலைக்காரர் தேவையற்ற பெரிய கூட்டைச் சுமக்கிறார். இங்கே பெண் ரைடர்கள் அதிகம் அனுபவிக்கும் குறை இது.

இணையத்தில் தள்ளுபடி கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் தலை கடைக்குப் போகாமல் ஹெல்மெட் வாங்குவதை நான் ஏற்கவில்லை. உள்ளூரில் மாடல் இல்லையென்றால் திருப்பி அனுப்பும் வசதியோடு வாங்கி, வீட்டுக்குள் இதே சோதனைகளைச் செய்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும்.

பீக், காற்று, இரைச்சல்

பீக் வெறும் அழகுக்கு வைத்ததில்லை. மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போது தலையைச் சற்றுத் தாழ்த்தினால் நிழல் கிடைக்கிறது. முன்னே போகும் வண்டி வாரியிறைக்கும் கல், சேறு, தாழ்ந்த முட்கிளை எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்கிறது. அதே பீக் நெடுஞ்சாலையில் காற்றைப் பிடித்துத் தலையை மேலே இழுக்கும். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் கழுத்தை ஒரு பக்கம் வளைக்கும். நல்ல வடிவமைப்பில் பீக்கில் காற்றுத் துளைகள் இருக்கும். மோதலில் தரையில் மாட்டிக் கழுத்தைத் திருகிவிடாமல், எளிதில் உடைந்து விடுபடும் பிளாஸ்டிக் திருகுகளோ கொக்கிகளோ இருக்கும். பீக்கை இரும்புத் திருகால் முறுக்கி இறுக்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவது. சமவெளிப் பயணம் முழுதும் பீக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, மணாலியில் மாட்டிக்கொள்வதே நல்ல வழி. கருவி இல்லாமல் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

காற்றின் இரைச்சலை நம் ஊரில் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் 100 டெசிபலை நெருங்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபலைப் பதினைந்து நிமிடம் மட்டுமே. மாலையில் வரும் தலைபாரத்துக்கும் கவனச் சிதறலுக்கும் இதுவும் காரணம். இழந்த கேட்புத்திறன் திரும்பாது. எந்த ஹெல்மெட்டானாலும் நெடுஞ்சாலையில் காதடைப்பான் அணிவது இதற்கு எளிய தீர்வு. ஹாரன் சத்தம் அப்போதும் கேட்கும்.

கண்ணுக்கும் காற்றுக்கும் வழி

வைசரா, காகிள்ஸா என்ற கேள்விக்குத் தூசியும் குளிரும் விடை சொல்லும். கூட்டமாகப் போகையில் முன்வண்டி கிளப்பும் புழுதியில் முகத்தோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸே உதவும். மழையிலும் நெடுஞ்சாலையிலும் வைசர் சுகம். வைசரைக் கழற்றாமல் மேலே தூக்கிவிட்டுக் காகிள்ஸ் போட முடிகிற மாடல் பயணிக்கு மிகவும் வசதி.

கணவாய்க் குளிரில் மூச்சுக்காற்றின் ஈரம் வைசரில் படர்ந்து கண்ணை மறைக்கும். உட்புறம் பொருத்தும் பின்லாக் தகடு இடையே ஒரு காற்றடுக்கை அடைத்துப் பனிமூட்டத்தைத் தடுக்கிறது. மாடல் அதற்கு இடம் தருகிறதா, தகடு விலையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கறுப்பு வைசர் அழகாக இருக்கலாம். அந்தியில் வழி தவறினால் ஆபத்து. நிறமற்ற வைசர்தான் பாதுகாப்பு. உள்ளிழுக்கும் கறுப்புக் கண்ணாடி வசதியானது. ஆனால் அதற்கு ஓட்டுக்குள் இடம் வேண்டும் என்பதால் சில தயாரிப்பாளர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

காற்றுத்துளைகளில் எண்ணிக்கையைவிட வழி முக்கியம். முன்னே நுழையும் காற்று தெர்மாகோலில் வெட்டிய கால்வாய் வழியே பின்னால் வெளியேற வேண்டும். கையுறையோடு திறந்து மூட முடிகிறதா என்றும் பாருங்கள். உள்துணி முழுதும் கழற்றித் துவைக்கக்கூடியதாக இருப்பது நம் வெக்கைக்கு அவசியம்.

எடையும் நிறமும்

இவ்வகை ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியே நிற்கின்றன. பாலிகார்பனேட் ஓடு மலிவு; ஃபைபர்கிளாஸ் அல்லது கார்பன் கலவை ஓடு எடையைக் கொஞ்சம் குறைத்து விலையை நிறையக் கூட்டும். தராசு காட்டும் எடையைவிட அது தலையில் எங்கே அமர்கிறது என்பதைக் கழுத்து அதிகம் உணரும். மேலே திறக்கும் மாடுலர் வகை, செக்போஸ்ட்டிலும் பெட்ரோல் பங்க்கிலும் வசதி. எடையும் பாகங்களும் கூடுதல். மண்பாதையில் அதிகம் ஓடுகிறவருக்கு ஒற்றை ஓடே மேல்.

நிறத்தை ரசனைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் அணிந்தவர்களுக்கு விபத்துக் காய வாய்ப்பு 24 சதவீதம் குறைவு என்று கண்டது. வெள்ளை, வெயிலுக்கும் நல்லது. வீடியோ எடுக்க ஓட்டைத் துளைத்தோ திருகியோ கேமரா பொருத்துவதை ஒருபோதும் செய்யக் கூடாது. மோதும்போது வழுக்க வேண்டிய பரப்பில் அது ஒரு முட்டுக்கட்டை. கேமராவுக்குத் தோள்பட்டையோ ஹேண்டில்பாரோ போதும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

பட்ஜெட் எதுவானாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் தலைக்குப் பொருந்தும் இரண்டு மூன்று மாடல்களைக் கண்டுபிடியுங்கள். அவற்றில் ஐஎஸ்ஐ-யோடு 22.06 பெற்றதைப் பிரித்தெடுங்கள். மிச்சமிருப்பதில் உங்கள் சாலைக்கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள்: பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால் கழற்றத்தக்க சிறிய பீக்கும் அமைதியும் வேண்டும், கொல்லிமலை அடிவாரத்திலும் ஆற்று மணலிலும் வாரந்தோறும் பழகுகிறவர் என்றால் காற்றோட்டமும் காகிள்ஸ் இடமும் முன்னே வர வேண்டும். பின்லாக், காதடைப்பான் ஆகியவற்றுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். வண்ண வடிவமைப்புக்கும் பெயருக்கும் மிஞ்சியதைக் கொடுங்கள்.

வாங்கிய பிறகும் கடமை உண்டு. பைக் கண்ணாடியின் கூர்முனையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டினால் உள்ளே தெர்மாகோல் குழியும். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட் ஓட்டைக் கெடுக்கும். தலையோடு ஒரு முறை மோதிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தன் வேலையை முடித்துவிட்டது. அதை மாற்றியே ஆக வேண்டும். விபத்தில்லாமலே ஐந்தாண்டு உழைத்ததையும் மாற்றுவது நல்லது.

இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து பைக் வாங்குகிறவர்கள் பயணப் பெட்டிக்கும் கூடுதல் விளக்குக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்துவிட்டு, மிச்சத்தில் ஹெல்மெட் தேடுவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இந்த வழக்கம் மாற வேண்டும். கடைக்காரர்கள் ஒவ்வொரு அளவிலும் ஒன்றையாவது போட்டுப் பார்க்க வைத்திருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் எடையையும் ஓட்டு அளவுகளின் எண்ணிக்கையையும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். பயணக் குழுக்களை நடத்துகிறவர்கள் பைக்கின் பிரேக்கைப் பரிசோதிப்பது போலவே ஒவ்வொருவரின் ஹெல்மெட் பொருத்தத்தையும் புறப்படும் முன் பரிசோதிக்க வேண்டும். பயணத்துக்கான பட்டியலில் ஹெல்மெட்டை முதல் வரியில் எழுதி, அதற்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.